கார்டு வந்தா கம்பி, வர்லன்னா தோல்

அன்னிக்கு வெள்ளிக்கிழமை. எனக்கு இருந்த வேலை ஒண்ணே ஒண்ணுதான். ஒரு தாளைக் கவர்ல போட்டு, ஒட்டி, ஆம்பூர் தபாலாபீசுல சேர்க்கணும்.

பச்சப்புள்ள கூட செஞ்சுடும். நானும் செஞ்சேன். அதனால எங்க முதலாளியோட இருபத்துநாலு பேல் தோல் லண்டன் துறைமுகத்துல கேக்க நாதியில்லாம கெடந்துச்சு.

வரிசையா சொல்றேன். சிரிக்கிறவங்க சிரிச்சுக்கலாம். ஊரே சிரிச்சு முடிச்சாச்சு, நீங்க மட்டும் இன்னா பாக்கி.

என் பேரு தேவராஜு. ஆம்பூர்ல தோல் பதனிடுற ஒரு டேனரியில சின்ன குமாஸ்தா. மிஷன் ஸ்கூல்ல படிச்சதால இங்கிலீஷ் எழுத வரும். அந்தத் திமிரும் கூடவே வரும். முதலாளி கரீம் சாயபு. நல்ல மனுஷன், கத்த மாட்டாரு. ஆனா அவரு கத்தாம பேசும்போதுதான் நாம உஷாரா இருக்கணும்.

ஒவ்வொருத்தனுக்கு ஒவ்வொரு பைத்தியம். சில பேருக்குச் சீட்டு, சில பேருக்கு நாடகம். எனக்கு ரேடியோ. நானே ரெண்டு வால்வு வெச்சு ஒரு பெட்டி செஞ்சேன். லைசென்ஸ் வாங்கித்தான் செஞ்சேன், யாரும் சர்க்காருக்கு மொட்டைக் கடுதாசி போட வேணாம்.

இது பாட்டுக் கச்சேரி கேக்கிற ரேடியோ இல்ல. உலகம் பூரா சில பேரு வீட்டுலயே சின்னதா ஒரு ஸ்டேஷன் வெச்சுக்கிட்டு, தந்தி அடிக்கிற மாதிரி ஒருத்தருக்கொருத்தர் சேதி அனுப்பிக்குவாங்க. சம்பளம் கெடையாது, சும்மா ஆசைக்குத்தான். எழுத்தும் நம்பரும் கலந்து ஒவ்வொருத்தருக்கும் ஒரு அடையாளம் உண்டு. அதுக்குக் கால் சைன்னு பேரு.

நான் அனுப்ப மாட்டேன். கேக்க மட்டும்தான். கேட்டா, எந்தத் தேதி, எத்தனை மணி, எப்படிக் கேட்டுச்சுன்னு அந்த ஆளுக்கே ஒரு ரிப்போர்ட் எழுதிப் போடணும். அவரு தன்னோட நோட்டைப் புரட்டிப் பார்ப்பாரு. நாம சொன்னது ஒத்துப்போனா, "ஆமா, அது நான்தான்"னு தன் கால் சைன் அச்சடிச்ச கார்டு ஒண்ணு அனுப்புவாரு. அந்தக் கார்டு வந்தாதான் நாம கேட்டது கேட்டதா கணக்கு. வராட்டி, காதுல வண்டு புகுந்துச்சுன்னு வெச்சுக்க வேண்டியதுதான்.

காத்துல வர்றதைப் புடிக்க இதுக்கு ஒரு ஏரியல் கம்பி வேணும். டேனரி மொட்டை மாடியிலேர்ந்து பதனிடுறதுக்கு மரப்பட்டையும் கடுக்காயும் போட்டு வெக்கிற கிடங்கு கூரை வரைக்கும் எண்பது அடிக்குச் செம்புக் கம்பி கட்டியிருந்தேன். முதலாளிதான் கட்டிக்கச் சொன்னாரு. மாடி ரூமையும் குடுத்தாரு. அதனாலயே எங்க பெரிய குமாஸ்தா முனுசாமி முதலியாருக்கு என்னைக் கண்டாலே ஆகாது.

கம்பிக்கு இன்னொரு சனியனும் இருந்துச்சு. மாடிப் பக்கம் அது கைக்கு எட்டும். தோல் காயப்போட இடம் தேடுறவன் கண்ணுக்கு, சும்மா தொங்குற கம்பி எப்படித் தெரியும்? மழை நாள்ல ஏறிப் பார்த்தா நாலு ஆட்டுத்தோல் தொங்கும். எடுத்துப் போட்டுட்டு வந்தா மறுநாள் எட்டு தொங்கும்.

இப்படி இருக்கும்போது ஒருநாள் சாயங்காலம், பள்ளிவாசல்ல மஃரிப் பாங்கு சொல்லி முடிச்ச நேரம், எனக்கு லண்டன் கேட்டுச்சு.

லண்டன்காரர் ஒருத்தரோட கால் சைன். ஜி-யில ஆரம்பிக்கும். முழுசாச் சொல்ல மாட்டேன், பாவம், அந்த மனுஷன் பட்டது போதும். ஜி தொரைன்னே வெச்சுக்குங்க. தேஞ்சு தேஞ்சு கேட்டுச்சு, நடுநடுவுல காணாமப் போச்சு. ஆனா மூணு தரம் அதே கால் சைன் வந்துச்சு. நான் மாடிப்படியில ரெண்டு ரெண்டு படியாத் தாவி எறங்கி ஓடிவந்தேன்.

"முதலாளி, லண்டன் கேட்டுச்சு. ஜி-யில ஆரம்பிக்கிற கால் சைன்."

முதலியார் கணக்குப் புஸ்தகத்துலேர்ந்து தலையைத் தூக்கல.

"மழை பேஞ்சிருக்கு. பாலாத்துல தவளை கத்துது. அது ஜி-யில ஆரம்பிச்சுதா, எச்-ல ஆரம்பிச்சுதான்னு இவரு கண்டாரு."

முதலாளி மேல வந்தாரு. ஹெட்போனை எடுத்துத் தொப்பிக்கு மேலயே மாட்டிக்கிட்டாரு. ஒரு நிமிஷம் கண்ணை மூடிக் கேட்டாரு.

"இன்னா தேவராஜு, கொசு மாதிரி கீது."

"அதான் லண்டன், முதலாளி."

"நீ சொல்றே. கொசு சொல்லணுமே."

நான் கார்டு விஷயத்தை விளக்கிச் சொன்னேன். அவரு தோல் வியாபாரி. ரெண்டு பக்கமும் தடவிப் பார்க்காம ஒரு ஆட்டுத்தோலைக் கூட நம்ப மாட்டாரு. கார்டு வரும்ன்ன உடனே அவருக்கு விஷயம் புரிஞ்சுபோச்சு.

"அப்ப சரி. நோன்புப் பெருநாளுக்கு நாலு மாசம் கீது. அதுக்குள்ள கார்டு வந்தா கம்பி இருக்கட்டும். வர்லன்னா கம்பியில தோல் காயட்டும். மாடி ரூம்ல முதலியார் கடுக்கா மூட்டை போட்டுக்கட்டும்."

முதலியார் சேதி கேட்ட உடனே மாடியை அளக்க வந்துட்டாரு.

இப்ப உங்களுக்குப் புரிஞ்சிருக்கும், அந்த ரிப்போர்ட் எனக்கு எவ்ளோ முக்கியம்னு. ராப்பகலா யோசிச்சு எழுதினேன். தலைப்புல தேதியைப் பெரிசாப் போட்டேன். அதுக்குக் கீழ ஒரே வரியில ஜி தொரை கால் சைன், கேட்ட மணி, கடைசியில எப்படிக் கேட்டுச்சுன்னு இங்கிலீஷ்ல ரெண்டே வார்த்தை: வீக், ஃபேடிங். அதாவது பலவீனம், மங்குது. அந்த நேரத்துல வேற யாரெல்லாம் என் காதுல விழுந்தாங்கன்னு சேர்த்து எழுதினா ஒரு மரியாதைன்னு இன்னும் அஞ்சு கால் சைன் அதுக்குக் கீழ. தேதியை விட்டா மொத்தம் ஆறு வரி.

தனியா ஒரு நோட்டுல எழுதிவெச்சிருக்கலாம் இல்ல? நோட்டு வாங்க மனசு வரல. ஆபீசுல பேல் லிஸ்ட் எழுதுற மஞ்சத் தாள்லயே நேரா எழுதிட்டேன். அதுதான் ஒரே பிரதி. இதை ஞாபகம் வெச்சுக்குங்க, பின்னாடி என் தலையில விழும்.

அதோட விட்டிருந்தா இந்தக் கதையே கெடையாது. எனக்கு ஒரு அல்ப ஆசை வந்துச்சு. கீழ முதலாளி கையெழுத்து இருந்தா ஜி தொரை மதிப்பாரு, கார்டு சீக்கிரம் வரும். கேட்டுப் பார்த்தேன்.

"ஷைத்தான் ஊதுற விசிலுக்கெல்லாம் நான் கையெழுத்துப் போட மாட்டேன்"ன்னுட்டாரு.

சரின்னு விடுறவனா நான்? மிஷன் ஸ்கூல் மூளை ஆச்சே.

எங்க முதலாளி வெள்ளிக்கிழமை ஜும்மா தொழுகைக்குப் போறதுக்கு முன்னாடி, அந்த வாரத்துக் காகிதம் எல்லாத்துக்கும் நின்னுக்கிட்டே கையெழுத்துப் போடுவாரு. பச்சை மசியில, உருதுல. ஒண்ணையும் படிக்க மாட்டாரு. அன்னிக்கு அந்தக் கட்டுல ரெண்டு மஞ்சத் தாள் இருந்துச்சு. ஒண்ணு லண்டன் போக வேண்டிய இருபத்துநாலு பேலோட லிஸ்ட். இன்னொண்ணு அதுக்கு அடியில நான் சொருகினது.

பச்சைக் கையெழுத்து ரெண்டுலயும் விழுந்துச்சு. முதலாளி அத்தர் வாசனையோட போய்ட்டாரு.

நான் மெதுவா மேசைகிட்டப் போனேன். கட்டுக்குள்ள கையை விட்டேன். அந்த நேரம் பார்த்து முதலியார் செருமிக்கிட்டே உள்ள வந்தாரு. கையில கெடைச்ச மஞ்சத் தாளை உருவி, நாலா மடிச்சு, கவர்ல திணிச்சு, நாக்கால ஒட்டி, "வயித்துவலி, ஐயா, இதோ வர்றேன்"னு வெளிய ஓடினேன். விலாசம் முன்னாடியே எழுதி ரெடி. உலகத்து அமெச்சூர்காரங்க விலாசம் எல்லாம் போட்ட தடிப் புஸ்தகம் ஒண்ணு இருக்கு, அதைப் பார்த்து எழுதினது.

தபாலாபீசுல சேர்த்துட்டு, வர்ற வழியில ஒரு பிளேட் பிரியாணியும் சாப்பிட்டேன். வயித்துவலிக்காரன் பிரியாணி சாப்பிட்டதை முதலியாரோட ஆள் ஒருத்தன் பார்த்துட்டான். அது தனிக் கதை.

மறுநாள் சனிக்கிழமை. பேல் ஏத்துறதைப் பார்க்க ஸ்டேஷனுக்குப் போனேன்.

பேல்னா தெரியும்ல, பதனிட்ட தோலை அடுக்கி, அழுத்தி, கோணியில தைச்சுக் கட்டின பெரிய மூட்டை. அது மேல மார்க்கா எழுதணும். எங்க மார்க்கா ஒரு டைமன் கட்டத்துக்குள்ள மூணு எழுத்து. முதலாளியோட அப்பா காலத்துலேர்ந்து அதேதான். லண்டன்ல ஏலம் எடுக்கிறவன் அந்த டைமனைப் பார்த்தாலே பேலைப் பிரிக்காம வாங்குவான்னு முதலாளி சொல்லுவாரு. கட்டத்துக்குக் கீழ பேல் நம்பர், அதுக்குக் கீழ தரம்.

கூட்ஸ் வண்டியில கடைசிப் பேலை உருட்டி ஏத்திக்கிட்டு இருந்தாங்க. அது என் பக்கம் திரும்புச்சு.

டைமன் இல்ல. கொட்டை கொட்டையா ஜி தொரையோட கால் சைன். அதுக்குக் கீழ நான் அவரைக் கேட்ட மணி. அதுக்குக் கீழ, பட்டையான கறுப்பு மையில, ஒண்ணரை அடி அகலத்துக்கு: வீக். ஃபேடிங்.



"நிறுத்துங்க, அதை ஏத்தாதீங்க"ன்னு ஓடினேன். கூட்ஸ் குமாஸ்தா கையை விரிச்சாரு.

"எண்ணிக்கை இருபத்துநாலு. ரசீதுல இருபத்துநாலு. போட்டாச்சு."

"மார்க்கா தப்பு, சார்."

"மார்க்கா என் வேலை இல்ல. எண்ணிக்கைதான் என் வேலை."

வண்டி போய்டுச்சு. நான் மஸ்தான் பாயைத் தேடி ஓடினேன்.

மஸ்தான் பாய்தான் எங்க டேனரியில மார்க்கா எழுதுறவரு. உருது வாசிப்பாரு. இங்கிலீஷ் ஒரு எழுத்து தெரியாது. எழுத்தைச் சித்திரமாப் பார்த்து அச்சு அசலா வரைவாரு. அவருக்கு ஒரே சட்டம்தான். தாள்ல முதலாளியோட பச்சைக் கையெழுத்து இருந்தா எழுதுவாரு, இல்லாட்டி லாட் சாயபு சொன்னாலும் எழுத மாட்டாரு. அந்தத் தாள்ல அவருக்குப் படிக்கத் தெரிஞ்சதே அந்தக் கையெழுத்து ஒண்ணுதான்.

"மஸ்தான் பாய், இன்னா எழுதினீங்க?"

"தாள்ல இருந்ததை."

"முப்பது வருஷமா டைமன் எழுதினவருக்கு, டைமன் இல்லையேன்னு தோணலையா?"

"தோணுச்சு. முதலாளி மாத்திட்டாரு போலன்னு நெனச்சேன். கையெழுத்து கீதே."

"ஆறு வரிதானே இருந்துச்சு. பேல் இருபத்துநாலு ஆச்சே?"

"ஆறு நாலு இருபத்துநாலு." மனுஷன் பெருமையா நிமிர்ந்து உக்காந்தாரு. "ஒவ்வொண்ணையும் நாலு பேலுக்குப் போட்டேன். கணக்கு கரெக்டா வந்துச்சு. மேல தனியா ஒரு வரி இருந்துச்சு, அது மார்க்கா மாதிரி தெரியல. வுட்டுட்டேன்."

அதுதான் தேதி.

"அந்தத் தாளைக் குடுங்க, பாய்."

"பிரஷ் தொடைச்சுப் போட்டுட்டேனே. இன்னாத்துக்கு, வேலைதான் முடிஞ்சுபோச்சே?"

அப்பதான் எனக்கு இன்னொண்ணும் உறைச்சுது. ரிப்போர்ட் பேல் மேல போய்டுச்சுன்னா, நான் ஜி தொரைக்கு அனுப்பினது இன்னா? பேல் லிஸ்ட். பேல் நம்பர், எடை, தரம், ஆட்டுத்தோல் இருபத்துநாலு பேல், கீழ பச்சைக் கையெழுத்து. அந்த மனுஷன் கவரைப் பிரிச்சுப் பார்த்துட்டு இன்னா நெனச்சிருப்பாரு?

யோக்கியனா இருந்தா அன்னிக்கே முதலாளிகிட்டப் போயிருக்கணும். நான் சென்னப்பட்டணத்துல பேல் ஏத்துற ஏஜெண்டுக்கு ரகசியமா ஒரு கடுதாசி போட்டேன். பதில் வந்துச்சு: "பேல் கப்பல் ஏறிவிட்டது. பெரிய குமாஸ்தா அனுப்பிய காகிதங்களில் தங்கள் டைமன் மார்க்காவே உள்ளது. கவலை வேண்டாம்."

காகிதத்துல டைமன். பேல் மேல பலவீனம், மங்குது. எண்ணிக்கை மட்டும் எல்லா இடத்துலயும் சரியா இருந்துச்சு. ஆம்பூர்லேர்ந்து லண்டன் வரைக்கும் அதை எத்தனை பேரு எண்ணியிருப்பாங்க, ஒருத்தன் படிச்சிருப்பானா?

ஒரு மாசத்துக்கு மேல சோறு எறங்கல. லண்டன் புரோக்கர்கிட்டேர்ந்து தந்தி வந்தப்பதான் சாயம் வெளுத்துச்சு. படிச்சுச் சொல்ல வேண்டியவன் நான்தான்.

"இன்னா சொல்றான்?"ன்னாரு முதலாளி.

"உங்க பேல் வரலையாம். வேற யாரோட பேலோ இருபத்துநாலு வந்து கெடக்காம். கையெழுத்துப் போட்ட எடை லிஸ்ட்டைக் காட்டினாதான் துறைமுகத்துல குடுப்பாங்களாம்."

"அனுப்பு. லிஸ்ட் எங்க?"

முதலியார் கட்டைப் புரட்டினாரு. பீரோவைப் புரட்டினாரு.

"முதலாளி, லிஸ்ட் லண்டன்லதான் இருக்கு."

"அப்ப பேஜாரே இல்லியே?"

"துறைமுகத்துல இல்ல. அந்தக் கொசு வீட்ல இருக்கு."

எல்லாத்தையும் சொல்லிட்டேன். சொருகினது, உருவினது, வயித்துவலி, பிரியாணி வரைக்கும். முதலியார் முகத்துல அப்படி ஒரு சந்தோஷத்தை நான் அவரு பொண்ணு கல்யாணத்துல கூடப் பார்த்ததில்ல.

முதலாளி கத்தல. மெதுவாத்தான் கேட்டாரு.

"எங்கப்பா மார்க்கா போட வேண்டிய எடத்துல இன்னா எழுதிகீது?"

"வீக், ஃபேடிங்."

"அப்டின்னா?"

"பலவீனம். மங்குது."

அவரு தாடியைத் தடவிக்கிட்டாரு. எனக்கு நெஜமாவே அழுகை வந்துச்சு. என் பெட்டி போனாப் போவுது, அந்த மனுஷன் முகத்தைப் பார்க்க முடியல.

"உன் கொசுவுக்குத் தந்தி குடு. அந்தத் தாளை எடுத்துக்கினு துறைமுகத்துக்குப் போகச் சொல்லு. பேலும் கெடைக்கணும், கார்டும் வரணும். பெருநாள்தான் கெடு. ரெண்டுல ஒண்ணு கொறைஞ்சாலும் கம்பியும் எறங்கும், நீயும் எறங்குவே."

முன்னபின்ன தெரியாத வெள்ளைக்காரருக்குத் தந்தி எழுதினேன். வார்த்தைக்கு வார்த்தை காசு, அதனால சுருக்கமா: "மஞ்சத் தாளைத் துறைமுகம் கொண்டுபோய் இருபத்துநாலு ஆட்டுத்தோல் பேலைக் காப்பாத்தவும். மன்னிக்கவும்." தந்தி அடிக்கிறவரு ரெண்டு தரம் படிச்சுட்டு என்னை ஏற எறங்கப் பார்த்தாரு.

நோன்பு ஆரம்பிச்சுது. தெனமும் தபால்காரர் வர்ற நேரத்துக்கு நான் வாசல்ல நிப்பேன். அவரும் மொதல்ல "இல்ல"ன்னு வாயால சொன்னாரு. அப்புறம் தலையை மட்டும் ஆட்டினாரு. கடைசிக் கடைசியா என்னைத் தூரத்துலயே பார்த்துட்டு சைக்கிளை வேற தெருவுல திருப்ப ஆரம்பிச்சாரு. முதலியார் மாடி ரூம் வாசல்ல ரெண்டு கடுக்கா மூட்டையைக் கொண்டாந்து வெச்சுட்டாரு, எடம் புடிக்க.

பெருநாளுக்கு முந்தின நாள். எல்லாரும் பிறை பார்க்க அவசரமா வேலையை முடிச்சுக்கிட்டு இருந்தாங்க. தபால்காரர் நேரா ஆபீசுக்குள்ளயே வந்து ரெண்டு காகிதத்தை மேசையில வெச்சாரு. ஒண்ணு புரோக்கர் கடுதாசி. இன்னொண்ணு கார்டு.

நான் கார்டை எடுக்கப் போனேன். முதலாளி கையை வெச்சு மறிச்சாரு.

"மொதல்ல என் தோலு."

புரோக்கர் கடுதாசியைப் படிச்சேன். ஒரு ஆள் மஞ்சத் தாளோட துறைமுகத்துக்கு வந்தாராம். எடை இருபத்துநாலும் ஒத்துப்போச்சாம். பேல் கைக்கு வந்துடுச்சாம். ஏலத்துலயும் போய்டுச்சாம்.

"எப்படிப் போச்சு?" முதலாளி கடுதாசி மேல குனிஞ்சாரு.

அடுத்த வரியை நானே ரெண்டு தரம் படிச்சேன்.

"வழக்கத்தை விட ஜாஸ்தி வெலைக்குப் போச்சாம், முதலாளி. தன் தோலைப் பலவீனம், மங்கும்னு தானே எழுதி அனுப்பின வியாபாரியை அவங்க இதுவரைக்கும் பார்த்ததே இல்லையாம். பிரிச்சுப் பார்த்தா தோல் நல்ல தோலாம். இப்பேர்ப்பட்ட யோக்கியன் யாருன்னு போட்டி போட்டு வாங்கிட்டாங்களாம். அடுத்த தரமும் அப்படியே எழுதி அனுப்பச் சொல்றாங்க."

மொதல்ல வாயைத் திறந்தது முதலியார்தான்.

"நான் அப்பவே நெனச்சேன், இது நல்லதுக்குத்தான்னு."

முதலாளி கார்டை என் கையில குடுத்தாரு. முன்பக்கம் செவப்பு மையில பெரிசா கால் சைன். நான் ஆசையாத் தடவிப் பார்த்தேன். மஸ்தான் பாய் எட்டிப் பார்த்தாரு.

"அட, இது நான் எழுதினது. லண்டன்காரன் என் எழுத்தைப் பார்த்து அச்சே போட்டுட்டானே?" விரலை வெச்சு ஒவ்வொரு எழுத்தாப் பார்த்தாரு. "கரெக்டாத்தான் போட்டுக்கீறான்."

இங்கிலீஷ் ஒரு எழுத்து தெரியாத மனுஷன் நான் கேட்ட கால் சைனைச் சரிபார்த்துக் குடுத்துட்டாரு.

நான் கார்டைத் திருப்பினேன். பின்பக்கம் ஜி தொரை பொடி எழுத்துல எழுதியிருந்தாரு:

"அன்புள்ள ஐயா, தங்கள் ரிப்போர்ட்டைத் துறைமுகத்தில் நான்கு பேல்களின் மீது பார்த்தேன். எனக்கு வந்த ரிப்போர்ட்டுகளிலேயே மிகவும் கனமானது இதுதான். என் ஸ்டேஷன் பலவீனம் என்று என் மனைவி வெகு நாளாகச் சொல்லி வருகிறாள். இப்போது அவளுக்கு நான்கு சாட்சி கிடைத்துவிட்டது. மணி சரியாக இருக்கிறது. ஆனால் தேதி எங்குமே இல்லை. தேதியில்லாத ரிப்போர்ட்டை உறுதி செய்ய விதியில்லை. வருந்துகிறேன். தேதியைத் தெரிவித்தால் உடனே உறுதி செய்வேன்."

நாலு மாசத்துக்கு முந்தின தேதிக்கு நான் எங்க போவேன்? அது மஸ்தான் பாய் பிரஷ்ல போச்சு.

"இன்னா எழுதிகீது?"ன்னாரு முதலாளி.

பொய் சொல்லியிருக்கலாம். முதலியாருக்கும் இங்கிலீஷ் தெரியும்ங்கிற ஒரே காரணத்தால நான் உண்மையைச் சொன்னேன். முழுசாப் படிச்சுக் காட்டினேன்.

முதலாளி யோசிச்சாரு. அவரு வியாபாரி, அவரு தராசுல ரெண்டு தட்டும் உண்டு.

"கார்டு வந்துச்சு. ஆனா நீ கேட்டது நெசம்னு அதுல இல்ல. அதனால பாதிக் கம்பி உனக்கு. பாதிக் கம்பியில தோல் காயட்டும்."

"தோல் தொங்கினா சரியாக் கேக்காதே, முதலாளி."

"அன்னிக்கு லண்டன் கேட்டப்ப எத்தனை தோல் தொங்குச்சு?"

மஸ்தான் பாய் தொண்டையைக் கனைச்சாரு.

"பதினாறு. நான்தான் போட்டேன். மழை வந்துச்சு, எடம் இல்ல."

ஆக, பலவீனம் ஜி தொரைகிட்ட இல்ல. எங்க ஆட்டுத்தோல்ல இருந்திருக்கு. நாலு பேல்ல எழுதி, கடல் தாண்டி அனுப்பி, ஒரு மனுஷனை அவரு பொண்டாட்டி முன்னாடி தலைகுனிய வெச்சிருக்கேன்.

முதலியார் கடுக்கா மூட்டையைத் திருப்பி எடுத்துக்கிட்டுப் போனாரு. பெருநாள் அன்னிக்கு முதலாளி வீட்டு பிரியாணி எனக்கும் வந்துச்சு. "வயித்துவலி இல்லன்னா சாப்பிடு"ன்னு சொல்லியனுப்பினாரு.

இப்ப எங்க பேல் எல்லாத்துலயும் டைமன் மார்க்கா இருக்கு. அதுக்குக் கீழ மஸ்தான் பாய் கையால வீக், ஃபேடிங் இருக்கு. பக்கத்து டேனரிக்காரங்களும் எழுத ஆரம்பிச்சுட்டாங்க. வாணியம்பாடியில ஒருத்தரு இன்னும் ஒரு படி மேல போய், தன் தோல் ரொம்ப மோசம்னே எழுதுறாராம். வியாபாரம் ஜோரா நடக்குதாம்.

நான் சாயங்காலம் பாதிக் கம்பியோட உக்காந்து கேட்டுக்கிட்டுத்தான் இருக்கேன். ஜி தொரைக்கு மன்னிப்புக் கடுதாசி ஒண்ணு எழுதினேன். உங்க ஸ்டேஷன்ல குத்தமில்ல, எங்க பதினாறு ஆடுதான் காரணம்னு அவரு சம்சாரத்துக்கும் சேர்த்து விளக்கமா நாலு பக்கம். தபால்ல போட்டுட்டு வந்து உக்காந்தப்புறம்தான் ஞாபகம் வந்துச்சு.

அதுலயும் தேதி போடல.